சாமி என்று கூப்பிட்ட வாய்

எங்கள் வீட்டு விட்டத்தில் தேன் வைக்கும் சுரைக்குடுக்கை ஒன்று இன்னும் தொங்குகிறது. அண்ணன் ஆஸ்பத்திரியிலிருந்து மலையேறி வந்த அன்று அம்மா அதிலிருந்துதான் தேன் ஊற்றித் தினைமாவு பிசைந்தாள். "தின்னு சாமி, எலும்பாப் போயிட்டயே" என்றாள். எங்கள் பக்கம் பிள்ளைகளைச் சாமி என்றும் கண்ணு என்றும்தான் கூப்பிடுவோம். அதில் கும்பிடு எதுவும் கிடையாது.

வயிற்றுப்புண்ணுக்காக அண்ணனை டோலியில் தூக்கிப்போய்ச் சேலத்தில் அறுத்திருந்தார்கள். இரைப்பையைக் குடலோடு சேர்த்துத் தைத்ததாகச் சொன்னான். பழைய வலி போய்விட்டது. ஆனால் அன்று மாவைத் தின்று கை கழுவுவதற்குள் அவனுக்கு வேர்த்துக் கொட்டியது. உடம்பு வெடவெடவென்று நடுங்க, கண் செருகிச் சாய்ந்தான். நலம் விசாரிக்க வந்திருந்த ஊர்ப்பெரியவர் எழுந்து நின்று கும்பிட்டார். அண்ணன் முனகியது அவர் காதில் 'மழை' என்று விழுந்ததாம். அந்த வாரமே மழையும் கொட்டித் தொலைத்தது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான், யாரிடம் சொல்வது?

அதன்பின் குறி கேட்க ஆட்கள் வந்தார்கள். இனிப்பு உள்ளே போனால் அருள் சீக்கிரம் இறங்குகிறது என்று கண்டுகொண்டு தேனும் பலாச்சுளையும் கொண்டுவந்தார்கள். மறுபடி காட்டப் போனபோது டாக்டர் விளக்கியிருந்ததை அண்ணன் எல்லோரிடமும் சொல்லிப் பார்த்தான். "அருளுமில்லீங்க, ஒண்ணுமில்லீங்க. தின்னது மொத்தமாக் கொடலுக்குள்ள உழுகுது. அதான் இந்த வேர்வையும் நடுக்கமும். இனிப்பே ஆவாதுங்க."

"எந்தச் சாமி நாந்தான்னு ஒத்துக்கிச்சு?" என்று சிரித்தார் பெரியவர்.

அம்மாவும் மாறினாள். அதே சொல்தான், ஆனால் தள்ளி நின்று, முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு சொன்னாள். "பழையபடி கூப்புடும்மா" என்றான் ஒருநாள். "சாமி" என்றாள். "அது இல்லம்மா" என்றான். அவளுக்கு விளங்கவில்லை. எனக்கு விளங்கியது.

அடுத்த வருஷம் தைத்த இடத்திலேயே புண் வந்தது. மலம் தார் மாதிரி கறுத்தது. அப்படிக் கறுத்தால் உடனே வந்துவிட வேண்டும் என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். டோலி கட்டச் சொல்லிப் பெரியவர் காலைப் பிடித்தேன். "சாமிய மலையெறக்கப்படாது அம்மிணி, ஊரு தாங்காது" என்றார். அம்மா ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தூக்கியிருப்பார்கள். அவள் கைகூப்பி நின்றாள். அவளை நான் அன்று வெறுத்தேன்.

மறுநாள் காலை அண்ணன் ரத்தமாக வாந்தியெடுத்தான். அதைப் பார்த்த பிறகுதான் அம்மா ஓடிவந்து அவன் தலையை மடியில் போட்டுக்கொண்டாள். "சாமி, எஞ்சாமி, கண்ணத் தொறடா" என்று கத்தினாள். பழையபடி கூப்பிடச் சொல்லி அவன் கேட்ட குரல் அதுதான். கேட்பதற்கு அவன் இல்லை.

இப்போது மலைக்குப் பஸ் வருகிறது. வயிற்றுவலி என்றால் அன்றைக்கே சேலம் போய்விடலாம். அம்மா சாகும்வரை அந்தக் குடுக்கையைக் கழற்றவும் விடவில்லை, அதில் தேன் ஊற்றவும் விடவில்லை. நானும் அப்படியே விட்டுவிட்டேன். என் பேரனை வீட்டில் எல்லோரும் சாமி என்றுதான் சோற்றுக்குக் கூப்பிடுகிறார்கள். எனக்கு அந்தச் சொல் வாயில் வருவதில்லை. நான் மட்டும் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறேன்.