இடது பக்கம் இழுக்கும் வண்டி

தபால் ஆபீஸ் கவுன்டரில் உட்காரும் அம்மா, ஓட்டுநர் தேர்வில் இரண்டாவது முறையும் தோற்ற அன்று பிரேக் அக்கா போட்ட கூச்சல் மைதானத்துக்கு வெளியே நின்றவர்களுக்கும் கேட்டது.

"நேரா போகணும், கோட்டுல நேரா நிறுத்தணும். அவ்வளவுதானேம்மா? பிரேக் பிடிக்கும்போதெல்லாம் ஸ்டீயரிங்கை ஏன் இடது பக்கம் இழுக்கிறீங்க? நாலு மாசமா தொண்டை கிழியக் கத்துறேன்."

"நான் இழுக்கலக்கா. அதுவாத்தான் போகுது."

"அதுவா போறதுக்கு அது என்ன ஆடா, மாடா?"

அந்த அம்மாவுக்கு நாற்பத்தேழு வயது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

பிரேக் அக்காவுக்கு அதைவிட ஏழு வயது கூட. இருபத்திரண்டு வருடங்களாகக் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறார். கற்றுக்கொள்கிறவர் ஓட்டுகிற இடத்தில், அக்கா பக்கத்துச் சீட்டில். அவர் காலடியிலும் தனியாக ஒரு பிரேக் உண்டு. அதனால்தான் அந்தப் பெயர். நானும் அவரிடம் கற்றவன்தான். "இடது பக்கம் இழுக்காதே, இடது பக்கம் இழுக்காதே" என்று என்னையும் வறுத்தெடுத்திருக்கிறார். என் கையில்தான் ஏதோ கோளாறு என்று நானும் நம்பியிருந்தேன்.

வெள்ளைக் கார். மீட்டர் மூன்று லட்சத்து எண்பதாயிரம் கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. அத்தனை தூரமும் முதல் கியரிலும் இரண்டாவது கியரிலும், பயந்த கைகளிடம் ஓடியது. நடைபாதை விளிம்பில் ஏறாதவர்கள் யாரும் எங்களில் இல்லை. ஏறியதெல்லாம் இடது முன் சக்கரம்தான்.

அன்றைக்குத் தேர்வு அதிகாரி காரிலிருந்து இறங்கும்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "மேடம், இது காரா தொட்டிலா? முதல்ல இதைப் பாருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அது அக்காவுக்குச் சுருக்கென்று தைத்தது. ஊருக்கெல்லாம் ஓட்டக் கற்றுக்கொடுத்தவளிடம் போய் வண்டியைப் பற்றிப் பேசுகிறாரே என்று பொருமினார். தபால் ஆபீஸ் அம்மாவை வீட்டில் இறக்கிவிட்டு, நேரே சிமென்ட் கிடங்குக்குப் பின்னால் இருக்கும் காலிச் சாலைக்குப் போனார். வண்டியில் குறையில்லை என்று தனக்கே நிரூபித்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

நாற்பதில் போய், இரண்டு கைகளையும் ஸ்டீயரிங்கிலிருந்து எடுத்துவிட்டு பிரேக்கை மிதித்தார். கார், சொந்தக்காரர் வீட்டைக் கண்டுவிட்டது போல, உரிமையோடு இடது ஓரத்துக்குப் போனது. திரும்பி வந்து மறுபடி செய்தார். மறுபடியும் இடது ஓரம். மூன்றாவது தடவை சாக்கடை மூடிமேல் ஏறி நின்றது.

பிறகு கையை வைத்துக்கொண்டு பிரேக் பிடித்துப் பார்த்தார். கார் நேராக நின்றது. அப்போதுதான் தன் கைகளைக் கவனித்தார். பிரேக்கில் கால் படும் அதே நொடியில் அவை ஸ்டீயரிங்கை ஒரு விரற்கடை வலப்பக்கம் திருப்பின. யாரும் சொல்லித்தரவில்லை. எத்தனை மாதமாகச் செய்கின்றனவோ, அதுவும் தெரியவில்லை. அவர் ஓட்டினால் வண்டி நேராகப் போகும். புதிதாகக் கற்றுக்கொள்கிறவர் ஓட்டினால் எப்படிப் போகும்?

"சே" என்றார் அக்கா, காலிச் சாலையில் தனியாக உட்கார்ந்துகொண்டு.

அக்காவின் கணவர் ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை பார்க்கிறார். மனைவியிடம் ஒரே ஒரு நாள் கார் கற்றுக்கொண்டு, குடும்பம் முக்கியம் என்று நிறுத்திக்கொண்டவர். விஷயத்தைக் கேட்டதும், "வேற வண்டி பார்த்துக்கலாமே" என்றார்.

"புது வண்டியைக் கத்துக்குட்டிங்க கையில குடுத்துட்டு நான் பக்கத்துல நிம்மதியா உட்கார முடியுமா? ஒவ்வொரு கீறலுக்கும் எனக்கு உயிர் போகும். இதையே சரிபண்றேன்."

"அப்ப ஒழுங்கான மெக்கானிக்கிட்டயாவது..."

"நீங்க புத்தகத்தைப் பாருங்க."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதனால்தான் அக்காவுக்குக் கோபம் வந்தது. அக்காவின் மெக்கானிக்குக்கு சரியாப்போச்சு என்று பெயர். இறுகிய போல்ட் கழன்றுவந்தால், "சரியாப்போச்சு" என்பார். அதே போல்ட் பாதியில் முறிந்தாலும், "சரியாப்போச்சு" என்பார். எந்தச் சரியாப்போச்சு என்பதைக் குரலை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். கடந்த சில வருடங்களாகவே முன்னால் லொட லொட என்றால் ஒரு கம்பி, பின்னால் கடகட என்றால் ஒரு ரப்பர் என்று அவர் ஒட்டுப்போட்டுக்கொண்டே வந்திருந்தார்.

"இனிமே ஒட்டு வேலையே வேண்டாம் தம்பி" என்றார் அக்கா. "முன்னாடி பின்னாடி எல்லாத்தையும் பிரி. ஷாக் அப்சார்பர், ஸ்ப்ரிங், லோயர் ஆர்ம், புஷ், எது தேய்ஞ்சிருந்தாலும் தூக்கிப் போட்டுட்டுப் புதுசு மாட்டு."

"ரெண்டே நாள்க்கா."

நான்கு சக்கரங்களையும் கழற்றி, காரை உயரத்தில் நிறுத்தினார். இடது முன்பக்கம், சக்கரத்தைத் தாங்கிப் பிடிக்கும் இரும்புக் கைதான் லோயர் ஆர்ம். அது கார் உடம்போடு சேரும் இடத்தில் தடித்த ரப்பர் வளையம் ஒன்று இருக்கும். அதுதான் புஷ். கடப்பாரையால் நெம்பிக் காட்டினார். ரப்பர் சுற்றிலும் கிழிந்து, ஆடுகிற பல் போல முன்னும் பின்னும் போய்வந்தது.

"பார்த்தீங்களாக்கா? பிரேக் பிடிச்சா சக்கரம் பின்னாடி தள்ளிக்குது. வண்டி இந்தப் பக்கம்தான் இழுக்கும்."

"இது எத்தனை நாளா இப்படி இருக்கும்?"

"ஒன்னரை வருஷமாவது இருக்கும்."

"ரெண்டு வருஷம் முன்னாடிதானே இதே புஷ்ஷை நீ புதுசா மாத்தினே?"

அவர் கடப்பாரையைக் கீழே வைத்தார். "சரியாப்போச்சு. சாமான் சரியில்லக்கா. இப்ப வர்ற ரப்பரெல்லாம் அப்படித்தான்."

இரண்டு நாள் என்றது எட்டு நாள் ஆனது. லோயர் ஆர்மின் பெரிய போல்ட் துருப்பிடித்து உள்ளேயே ஒட்டிக்கொண்டிருந்தது. எண்ணெய் ஊற்றி ஒரு நாள் ஊறவைத்தார், நெருப்புக் காட்டினார், சம்மட்டியால் அடித்தார், கடைசியில் அறுத்தெடுத்தார். புது லோயர் ஆர்ம் இரண்டு வந்தன. இரண்டுமே வலது பக்கத்துக்கானவை. திருப்பி அனுப்பி வாங்கியதில் இடது பக்கத்துக்கானது வந்தது, ஆனால் ஓட்டை பொருந்தவில்லை. அது இதே காரின் அடுத்த மாடலுக்கானதாம். ஸ்ப்ரிங் வந்த அன்று அதற்கு அடியில் வைக்கும் ரப்பர் வரவில்லை. ரப்பர் வந்த அன்று கடைப் பக்கம் மின்சாரம் இல்லை.

அக்காவிடம் அப்போது பதினோரு பேர் கற்றுக்கொண்டிருந்தார்கள். பதினோரு பேரும் மாற்றி மாற்றி போன் செய்தார்கள். அக்கா தினமும் இரண்டு பஸ் மாறி ஒர்க்ஷாப்புக்கு வந்தார். பஸ்ஸில் உட்கார்ந்தாலும் வலது கால் சும்மா இருக்கவில்லை. டிரைவர் வேகம் எடுத்தபோதெல்லாம் இல்லாத பிரேக்கை ஓங்கி மிதித்தார். முன் சீட்டுக்காரர் இரண்டு முறை திரும்பிப் பார்த்துவிட்டு, மூன்றாவது முறை எழுந்து வேறு இடத்துக்குப் போய்விட்டார்.

எட்டாம் நாள், "முடிஞ்சதுக்கா, அலைன்மென்ட் மட்டும் பார்த்துட்டா போதும்" என்று சாவியைக் கொடுத்தார் சரியாப்போச்சு.

சக்கரங்களின் கோணத்தை அளந்து சரிசெய்யும் கடை இரண்டு தெரு தள்ளி இருந்தது. அதை நடத்துபவர் அதிகம் பேசாத ஒரு பெண். காரைப் பள்ளத்துக்குமேல் நிறுத்தச் சொல்லி, டார்ச்சோடு கீழே இறங்கினார். மேலே வந்ததும் கணினித் திரையைத் தொடவில்லை.

"இந்த புஷ் போல்ட்டையெல்லாம் சக்கரம் தொங்கும்போதே முறுக்கிட்டாங்களா?"

"தெரியல. ஏன்?"

"வண்டி தரையில நிக்கிறப்ப ரப்பர் எப்படி இருக்குமோ அப்படி வெச்சுத்தான் இறுக்கணும். தொங்கவிட்டு இறுக்கிட்டா, இறக்கினதும் ரப்பர் முறுக்கிக்கும். நிக்கும்போதும் முறுக்கு, ஓடும்போதும் முறுக்கு. ஆறு மாசத்துல கிழிஞ்சுடும். போல்ட்டைத் தளர்த்தி, எடையை ஏத்தி, மறுபடி இறுக்கிக் கொண்டு வாங்க. அப்புறம்தான் அளப்பேன்."

ஆறு மாதம். அக்கா மனதுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தார். மாட்டியது இரண்டு வருடம் முன்பு, கிழிந்தது ஒன்றரை வருடம் முன்பு. கணக்கு கச்சிதமாகப் பொருந்தியது.

ஒர்க்ஷாப்புக்குத் திரும்பியதும் காரை விட்டு இறங்குவதற்கு முன்பே கேட்டார். "தம்பி, அந்த போல்ட்டை எப்ப முறுக்கினே?"

"மேல இருக்கும்போதுதான்க்கா. எல்லாரும் அப்படித்தான் பண்ணுவாங்க."

"எல்லார்கிட்டயும் நான் வண்டி விடல. உன்கிட்டதான் விட்டேன். போன தடவையும் இப்படித்தான் முறுக்கினியா?"

அவர் துணியில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"சாமானைக் குத்தம் சொன்னியே! ரப்பர் என்ன பாவம் பண்ணுச்சு? பலகையைப் போடு. சக்கரத்தை மேல ஏத்து. எல்லா போல்ட்டையும் தளர்த்தி என் கண்ணு முன்னாடி முறுக்கு."

தடித்த பலகைகளின்மேல் நான்கு சக்கரங்களையும் ஏற்றி, கார் தன் எடையில் நிற்க, அவர் அடியில் ஊர்ந்து படுத்தார். வலிக்கிற முழங்காலை ஒருபக்கமாக நீட்டிக்கொண்டு அக்கா தரையில் உட்கார்ந்து டார்ச் அடித்தார். மூன்றாவது போல்ட்டை முறுக்கும்போது காருக்கு அடியிலிருந்து குரல் வந்தது.

"இதை யாரும் எனக்குச் சொன்னதே இல்லக்கா. இருபது வருஷமா தொங்கவிட்டுத்தான் முறுக்கிட்டு இருக்கேன்."

"எத்தனை வண்டி இருக்கும்?"

"எண்ணிப் பார்க்கவே பயமா இருக்குக்கா."

இன்னும் பாதித் திட்டு அக்காவின் நாக்கில் மிச்சம் இருந்தது. அதை விழுங்கிக்கொண்டார். ஒன்றரை வருடமாக, செய்யாத தப்புக்காக எத்தனை பேரைத் திட்டியிருக்கிறோம் என்ற கணக்கு அவரிடமும் இருந்ததே. "லைட் தெரியுதா, இன்னும் கிட்ட பிடிக்கணுமா?" என்று மட்டும் கேட்டார்.

அலைன்மென்ட் பார்த்து முடித்து, மறுபடி அதே சிமென்ட் கிடங்குச் சாலை. கரடுமுரடான இடத்திலும் கார் வாயைத் திறக்கவில்லை. அக்காவுக்கு மனம் லேசானது. நாற்பதில் போய் பிரேக்கை மிதித்தார். கார் வலது பக்கம் போனது.

அக்காவுக்குக் கோபம் தலைக்கேறியது. அங்கிருந்தே அலைன்மென்ட் கடைக்கு போன் போட்டு, "இடது போய் இப்ப வலது வந்திருக்கு! இதுக்காகவா எட்டு நாள் அலைஞ்சேன்?" என்று கத்தினார்.

"கையை எடுத்துட்டுப் பிடிச்சுப் பாருங்க மேடம்" என்றார் அந்தப் பெண், குரலை உயர்த்தாமல்.

கையை எடுத்தார். வண்டி நூல் பிடித்தாற்போல் நேராக நின்றது. இழுத்தது கைதான். "பாழாப்போன கை" என்று அதன்மேல் ஓர் அடி போட்டார். அந்தப் பழக்கம் போக அக்காவுக்கு இரண்டு வாரம் ஆனது. கற்றுக்கொள்ள வந்தவர்கள் நேராக ஓட்ட, கற்றுக்கொடுப்பவர் மட்டும் கோணலாக ஓட்டிக்கொண்டிருந்தார்.

அந்த இரண்டு வாரத்தில்தான் அவர் பழைய நோட்டைத் திறந்தார். ஒன்றரை வருடத்தில் கற்றுக்கொண்டவர்கள் அறுபத்து மூன்று பேர். ஒவ்வொருவருக்கும் போன் செய்தார். எனக்கு வந்தபோது பின்னணியில் குக்கர் விசில் கேட்டது.

"உன்னைத் திட்டினேன்ல, நீ இடது பக்கம் இழுக்கிறேன்னு? அது உன் தப்பு இல்ல. வண்டி இழுத்துச்சு. அதைப் பார்க்காம விட்டது என் தப்பு. சரி, வெச்சுடுறேன்."

நான் வாயைத் திறப்பதற்குள் வைத்துவிட்டார். பலருக்கு அக்கா திட்டியதே நினைவில்லை. ஒருவர், அப்படியென்றால் திரும்பவும் பத்து வகுப்பு எடுப்பீர்களா என்று கேட்டார். இன்னொரு பெரியவர், இல்லை, இழுத்தது நான்தான், எனக்கு நன்றாக நினைவிருக்கிறது என்று அரை மணி நேரம் வாதாடினார். "மன்னிப்புக் கேட்கப் போனா அதுக்கும் ஒரு பஞ்சாயத்தா!" என்று அக்கா கணவரிடம் எரிந்து விழுந்தார்.

தபால் ஆபீஸ் அம்மாவுக்கு மட்டும் போன் செய்யவில்லை. நேரில் போனார். வரிசையில் நின்று கவுன்டருக்கு வந்ததும், "ஸ்டாம்பா, பதிவுத் தபாலா?" என்று தலை நிமிராமல் கேட்டார் அந்த அம்மா.

"ரெண்டும் இல்ல. நீங்க சொன்னதுதான் சரி. வண்டிதான் இழுத்துச்சு. சரிபண்ணிட்டேன். அதைச் சொல்லத்தான் வந்தேன்."

அந்த அம்மா நிமிர்ந்து பார்த்தார். "நாலு மாசமா வீட்ல சாப்பாட்டுத் தட்டை ஸ்டீயரிங் மாதிரி பிடிச்சுக்கிட்டுப் பழகினேன்க்கா. என் பொண்ணு பார்த்துச் சிரிப்பா. என்னால முடியாதுன்னு நானே முடிவு பண்ணிட்டேன்."

பின்னால் நின்றவர், "சீக்கிரம் ஆகட்டும்மா" என்றார்.

"மறுபடி வருவீங்களா?"

"யோசிச்சுச் சொல்றேன். அடுத்து யாரு, வாங்க."

யோசிக்க மூன்று வாரம் எடுத்துக்கொண்டார். பிறகு வந்தார். ஒரு மாதம் ஓட்டிவிட்டு மூன்றாவது தேர்வுக்குப் போனார். நேர்க்கோட்டில் கார் அம்பு போல் போய், கோட்டின்மேல் அசையாமல் நின்றது. அக்கா வேலிக்கு வெளியே நின்று கைதட்டினார். அடுத்தது பின்பக்கமாக வருவது. அதில் ஒரு கம்பத்தை இடித்துச் சாய்த்தார். அதிகாரி தாளில் கோடு போட்டார்.

இறங்கி வந்தவரைப் பார்த்து அக்கா வாயைத் திறந்து, திட்டலாமா கூடாதா என்று தெரியாமல் மூடிக்கொண்டார்.

"திட்டுங்கக்கா" என்றார் தபால் ஆபீஸ் அம்மா. "இடிச்சது நான்தான். கண்ணாடியைப் பார்க்கல."

அக்கா திட்டினார். வீட்டு வாசல் வரும்வரை திட்டினார். அந்த அம்மாவும் சும்மா இல்லை. "வகுப்புல பின்னாடி பார்க்கச் சொல்லிட்டு நீங்கதான் பக்கத்துல உட்கார்ந்து பேசிட்டே இருக்கீங்க" என்று பதிலுக்குப் பதில் கொடுத்தார்.

நான்காவது முறை தேறிவிட்டார். இப்போது தங்கையின் காரை வாங்கி ஓட்டிக்கொண்டு வேலைக்குப் போகிறார். அதைத் தபால் ஆபீஸ் வாசலில், ஓரத்திலிருந்து இரண்டடி தள்ளித்தான் நிறுத்துகிறார். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் பிரேக் அக்கா கண்ணாடியை இறக்கி, "ஓரமா போடுங்கம்மா, எத்தனை தடவை சொல்றது!" என்று கத்துகிறார். கவுன்டரில் இருப்பவருக்குக் கேட்காமலா இருக்கும்? ஆனாலும் ஒரு நாளும் எழுந்து வந்து வண்டியை எடுத்து ஓரமாகப் போட்டதில்லை.