வண்டி ஓடினால்தான் மூச்சு

மெர்ல் டக்வெல் போர்ட் பிரி என்ற ஊரில் பள்ளிப் பேருந்து ஓட்டியே தலை நரைத்தவள். ஓய்வு பெற்றதும், படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாம் உள்ளேயே இருக்கிற பழைய வேன் ஒன்றை வாங்கி, வீட்டை விற்றுவிட்டாள். கணவன் டெஸ்ஸுக்கு நுரையீரல் கெட்டுவிட்டது. மூக்கில் குழாயும் பக்கத்தில் ஆக்சிஜன் இயந்திரமுமாகத்தான் அவன் பொழுது போகும். சாவதற்குள் மேற்குக் கடலைப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டான். அதற்குத்தான் இந்தப் பயணம்.

நான் லினெட். தனிக்கட்டை. வழியில் அவர்களோடு பழக்கமாகி, என் வேனில் அவர்களுக்குப் பின்னாலேயே போய்க்கொண்டிருந்தேன்.

டெஸ்ஸின் இயந்திரம் ஓடியது வேனுக்குள் இருந்த லித்தியம் பேட்டரியில். வண்டி ஓடும்போது எஞ்சின் அதை நிரப்பும். அந்த பேட்டரிக்குப் பேராசை. விட்டால் எஞ்சினிலிருந்து அளவில்லாமல் உறிஞ்சும். அதனால் நடுவில் ஒரு பெட்டி இருந்துகொண்டு அளந்து கொடுக்கும். மெதுவாகத்தான் ஏறும். போதாததற்கு மெர்ல் ஊருக்கு ஊர் நின்று, மின்சாரம் உள்ள முகாமில் தங்கி நிரப்பிக்கொள்வாள்.

முகாமில் மாலை ஐந்தானால் ஆளுக்கொரு மடக்கு நாற்காலி, கையில் பீர், நடுவில் சீஸும் பிஸ்கட்டும். அந்த நாற்காலியில் உட்கார்ந்த ஆண்பிள்ளைகள் அத்தனை பேரும் எலக்ட்ரீஷியன்களாகிவிடுவார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். செடூனா ஊர் முகாமில் பாரி என்ற ஒருவன் டெஸ்ஸைப் பிடித்துக்கொண்டான்.

"அந்தப் பொட்டியத் தூக்கிக் கடாசுப்பா. நேரா ஒயரைக் குடு. மத்தியானத்துக்குள்ள ஃபுல்லாயிடும். எதுக்கு ஊர் ஊரா நிக்கறீங்க?"

"இவன் பேச்சைக் கேட்டா வண்டிக்குள்ளயே கறி சுடலாம்," என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். டெஸ் சிரிக்கவில்லை.

மறுநாள் மெர்ல் துணி துவைக்கப் போன நேரத்தில் டெஸ் பெட்டியைக் கழற்றி, பழைய மெல்லிய ஒயரையே நேராகக் கொடுத்துவிட்டான். ஃபியூஸ் போய்விட்டது. பெரிய ஃபியூஸாகப் போட்டான். இதெல்லாம் எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது.

மரமே இல்லாத நல்லர்போர் சாலையில் போகும்போது, வண்டிக்கு வண்டி பேசிக்கொள்ளும் ரேடியோவில் மெர்ல் கூப்பிட்டாள். "லினெட், பிளாஸ்டிக் கருகுது. நிறுத்தறேன்."

நான் ஓடிப் போய்ப் பார்த்தால் டெஸ்ஸின் இருக்கைக்கு அடியிலிருந்து புகை. மூக்கில் ஆக்சிஜன், காலடியில் நெருப்பு. "எறங்கு கிழவா!" என்று மெர்ல் குழாயைப் பிடுங்கி, அவனை இழுத்து வெளியே தள்ளிவிட்டு, பேட்டரியின் மெயின் சுவிட்சை அணைத்தாள். புகை அடங்கியது. இயந்திரமும் நின்றுவிட்டது.

டெஸ்ஸின் உதடு நீலம் பாரித்தது. இருவருமாக அவனைத் தூக்கி என் வேனில் உட்காரவைத்து, இயந்திரத்தை அங்கே சொருகினோம். அது உறுமத் தொடங்கியது. மெர்ல் உருகிய ஒயரை ஒருமுறை பார்த்தாள். எஞ்சின் முனையிலிருந்தும் அதைக் கழற்றிவிட்டு, தன் வண்டியைக் கிளப்பினாள்.

அடுத்த ஊர் வெகுதூரம். என்னுடையது சின்ன பேட்டரி. நின்றால் சீக்கிரம் தீர்ந்துவிடும். ஓட்டிக்கொண்டே இருந்தேன்.

முன்னால் போன மெர்ல் ரேடியோவில் கேட்டாள். "டெஸ், பொட்டியக் கழட்டினது நீதானே?"

அதே அலைவரிசையில் சாலையிலிருந்த லாரிக்காரர்கள் எல்லோருக்கும் கேட்டிருக்கும். டெஸ் மைக்கை எடுத்தான்.

"ஆமா. என்னாலதானே நீ... ஊர் ஊரா நிக்கறே. பாரமாயிட்டேன், மெர்ல்." மூச்சு வாங்கியது.

அவனை அறையலாம் போலவும் கட்டிக்கொண்டு அழலாம் போலவும் இருந்தது எனக்கு. ரேடியோவில் மெர்ல் பதில் சொன்னாள்.

"பாரந்தான். யாரு இல்லன்னா? ஆனா எறக்கி வெக்கறதா வேணாமான்னு நான் சொல்லணும், நீ சொல்லக் கூடாது. இப்ப வாய மூடிக்கிட்டு மூச்சு விடு."