பக்கத்து மேசையில் இரண்டு முகடுகள்

பெங்களூருக்குப் பக்கத்தில், பொம்மசந்திராவில் நான் வேலை பார்க்கும் மரபணுப் பரிசோதனைக் கூடத்தில், எனக்குப் பிறகு சேர்ந்த பெண் பக்கத்து மேசையில் இருந்தாள். பாலைச் செரிக்க உதவும் மரபணுவில் ஓர் எழுத்து மாறியிருக்கிறதா என்று பார்க்கும் வேலையை எங்கள் இருவருக்கும் கொடுத்திருந்தார்கள். பிரைமர் என்ற இரண்டு தொடக்கிகளைப் போட்டு டிஎன்ஏவைப் பெருக்கி, அதன்மேல் ஒரு சிறு டிஎன்ஏ துண்டை ஒட்டவிட்டு, மெல்லச் சூடேற்ற வேண்டும். எழுத்து பொருந்தாவிட்டால் துண்டு சீக்கிரமே கழன்றுவிடும். அப்பாவும் அம்மாவும் வேறு வேறு எழுத்தைக் கொடுத்திருந்தால் திரையில் இரண்டு முகடுகள் எழும்.

என் திரையில் கோடு தட்டையாகக் கிடந்தது. அவளுடையதில் இரண்டு முகடுகள். மேலாளர் காபியோடு வந்து அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்றுவிட்டார். எனக்கு வயிறு எரிந்தது.

அவள் என் பக்கம் சாய்ந்தாள். "ரெண்டு பிரைமரையும் சமமா போட்டுட்டீங்களா அக்கா? ஒண்ணைக் கொறைச்சுப் போடணும். இல்லன்னா ரெண்டு இழையும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும், துண்டுக்கு எடமே இருக்காது."

மேலாளருக்குக் கேட்காதபடி மெதுவாகத்தான் சொன்னாள். அந்த நல்ல குணம்தான் எனக்கு இன்னும் பொறுக்கவில்லை.

"யாரோட சாம்பிள்மா இது? அழகா வந்திருக்கே," என்றார் மேலாளர்.

பழகுவதற்கு நாங்களே ஆளுக்குக் கொஞ்சம் ரத்தம் கொடுத்து, குப்பியின் மூடியில் அவரவர் எண்ணை எழுதிப் பொதுத் தட்டில் வைப்பது வழக்கம்; யாரும் எதையும் எடுத்துச் சோதிக்கலாம். அவள் குப்பியைத் தூக்கிக் காட்டினாள். மூடியில் இருந்தது என் எண், என் கையெழுத்து. காலையில் நான் சோதித்ததும் அதே குப்பியைத்தான்.

என்னிடம் வாயே திறக்காத என் ரத்தம், அவள் கேட்டதும் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறது.