கல்லுக்கு யாருங்க இப்படிப் பயப்படுவாங்க?

ஆஸ்பத்திரி ரெக்கார்டு ரூமில் எனக்கு நோய்க்கெல்லாம் நம்பர் போடும் வேலை. சிறுநீர்ப்பை கேன்சர் என்றால் 188. அந்த ரூமுக்கு மனிதர்கள் வருவதில்லை, அவர்களுடைய பேப்பர்தான் வரும்.

இன்று ஒரு சோமனூர்க்காரர் மனைவியோடு வந்தார், டிஸ்சார்ஜ் பேப்பருக்கு நகல் வேண்டுமாம். அவர் வாசலில் செருப்பைக் கழட்டுவதற்குள் அந்தம்மா என்னிடம் குனிந்து, "அவருகிட்ட மூத்திரப்பைல கல்லுன்னு சொல்லி வெச்சிருக்கோமுங்க கண்ணு, காட்டிக் குடுத்துராதீங்க" என்றார்.

தலையாட்டினேன். அவருடைய பேப்பரில் 188 போட்டதே நான்தான்.

அந்தம்மா ஜெராக்ஸ் எடுக்க வெளியே போனதும் அவர் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்தார்.

"ஏனுங்க அம்மணி, கல்லுன்னு நெறயப் பேரு இங்க வருவாங்களா?"

"வருவாங்க."

"அவங்க ஊட்லயும் சண்டை போடறதை நிறுத்திப்போடுவாங்களா?"

எனக்குப் புரியவில்லை.

"கல்யாணம் ஆனதுலருந்து எங்கூட மல்லுக்கு நின்னவ. இப்ப என்ன சொன்னாலும் சரிங்கறா. கல்லுக்கு யாருங்க இப்படிப் பயப்படுவாங்க?"

நான் ரிஜிஸ்டரைப் புரட்டினேன்.

அந்தம்மா திரும்பி வந்ததும் அவர், "ஒரு ஜெராக்ஸுக்கு இத்தனை நேரமா?" என்று அதட்டினார். வேண்டுமென்றேதான் வம்புக்கு இழுத்தார்.

"தப்புதானுங்க. வாங்க, போலாம்."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார்.

காந்திபுரம் பிரௌசிங் சென்டரிலிருந்து எழுதுகிறேன். இதை ஆஸ்பத்திரியில் சொல்லக் கூடாது. ஹாஸ்டல் ரூமில் சொல்ல ஆளில்லை.

இந்த இணையக் குழுவில் யாராவது என்னைத் திட்டியாவது நாலு வரி எழுதுங்கள். "சரிங்க" என்று மட்டும் பதில் போட்டுவிடாதீர்கள்.