எங்கள் படகில் மாதா ஏன் சாய்கிறார்?

இன்று காலை எங்கள் வீட்டு மாதா மறுபடியும் சாய்ந்துவிட்டார்!

வீடு என்றால் படகு. மரக்காணம் பக்கத்து உப்பங்கழியில் கட்டிப் போட்டிருக்கிற சின்னப் படகுவீடு. ரொம்பப் பழசு. நானும் என் கணவர் சேவியரும் அதிலேயே குடியிருந்துகொண்டு அதை ரிப்பேர் செய்கிறோம். (ஏன் என்று கேட்காதீர்கள். எங்களுக்கே சரியாகத் தெரியவில்லை!)

குடிவந்ததிலிருந்து ஒரே குழப்பம். கண் விழித்ததும் வாசல் எந்தப் பக்கம் என்று யோசிக்க வேண்டியிருக்கிறது. கேஸ் கொண்டுவருகிறவர் போனில், "டோர் நம்பர் சொல்லுங்கக்கா" என்கிறார். நான் என்னத்தைச் சொல்ல?

விழுப்புரத்தில் தனியாக இருக்கும் என் அம்மாவை எங்களோடு வந்துவிடச் சொன்னோம். மாதா சுரூபத்தை (சிலையைத்தான் சொல்கிறேன்!) மட்டும் கொடுத்து அனுப்பினார். கூடவே ஒரு உத்தரவு.

"நா வந்து பாக்கும்போது மாதா நேரா நிக்கணும். இல்லன்னா ரெண்டு பேரும் மூட்டைய கட்டிக்கினு விழுப்புரம் வந்துடுங்க."

அதற்காகவே திண்டிவனத்திலிருந்து தச்சர் ஏழுமலை அண்ணனை வரவழைத்தோம். நல்ல வாட்டசாட்டமான ஆள். இடது சுவரோரம் நின்று, ரசமட்டம் வைத்துப் பார்த்துப் பார்த்து பீடத்தை மாட்டினார். குமிழி நட்டநடுவில் நின்றது!

டீ குடிக்கக் கரைக்கு இறங்கினார்.

மாதா வலது பக்கம் சாய்ந்தார்.

"அண்ணே, கோணலா இருக்குதுண்ணே!"

டீயை அப்படியே வைத்துவிட்டு ஓடிவந்தார். மட்டம் வைத்தார். நேர்!

"இன்னாம்மா, நேராத்தானே இருக்குது? பேஜாரு பண்ணாதம்மா."

இறங்கினார். சாய்ந்தது. கூப்பிட்டேன். வந்தார். நேர்!

சேவியர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே... "வெயில்ல ரொம்ப நேரம் நின்னியா?"

ஏழுமலை அண்ணன் சுரூபத்துக்கு ஒரு கும்பிடு போட்டார். "எனக்கு மட்டும் நேரா நிக்கறாங்கம்மா. எதுக்கும் ஒரு மெழுகுவத்தி ஏத்திடு." சொல்லிவிட்டு ஜல்தியாக பஸ் ஏறிவிட்டார்.

மறுநாளே அம்மா வந்துவிட்டார். பலகையில் கால் வைக்கும்போது ஒரு "மாதாவே", இறங்கும்போது ஒரு "மாதாவே". உள்ளே வந்ததும் கண் நேராக பீடத்துக்குப் போனது.

"பாத்தியாடி? அவங்களே எறங்கப் பாக்கறாங்க. கெளம்புங்க ரெண்டு பேரும்."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. கை கொப்பளிக்கச் சுரண்டி பெயின்ட் அடித்த சுவர் இது. இதை விட்டுவிட்டு எப்படிப் போவேன்?

அம்மாவுக்கு மூச்சு வாங்கியது. இடது சுவரோரம் இருந்த டிரங்குப் பெட்டியின்மேல் தொப்பென்று உட்கார்ந்தார்.

மாதா நிமிர்ந்தார்!

அம்மா பதறி எழுந்தார். மாதா சாய்ந்தார். உட்கார்ந்தார். நிமிர்ந்தார்.

சேவியர் என் காதில் கிசுகிசுத்தார். "ஏழுமலை அண்ணன் நின்ன வெயிட்டுக்கு படகே இந்தப் பக்கம் சாஞ்சிருக்குது. சாஞ்ச படகுல மட்டம் பாத்து மாட்டிட்டாரு! இப்ப அத்த உக்காந்ததும் சரியாவுது. அத்தகிட்ட சொல்லிடவா?"

அதற்குள் அம்மா சிலுவை போட்டுக்கொண்டு கண் கலங்கினார். "என்ன இங்கயே இருன்றாங்கடி."

சேவியர் வாயைத் திறந்தார். நான் நறுக்கென்று கிள்ளினேன்.

இன்று காலை அம்மா மீன் வாங்கக் கரைக்கு இறங்கினார். மாதா சாய்ந்தார். விஷயம் தெரிந்ததும் பையோடு ஓடிவந்து பெட்டியில் உட்கார்ந்தார். "நா இல்லன்னா இங்க ஒண்ணும் ஆவல பாரு!" முகத்தில் அப்படி ஒரு பெருமை. விழுப்புரத்திலிருந்து மீதிப் புடவைகளையும் எடுத்துவரச் சொல்லியிருக்கிறார்.

இப்போது பிரச்சினை என்னவென்றால், ஏழுமலை அண்ணனுக்கும் விஷயம் பிடிபட்டுவிட்டது. நாளைக்கே வந்து பீடத்தை ஒழுங்காக மாட்டித் தருகிறேன் என்று போன்மேல் போன்!

சொல்லுங்கள் மக்களே, அவரை வரச் சொல்லவா, வேண்டாமா? (கமென்ட்டில் மெதுவாகச் சொல்லுங்கள். அம்மா பக்கத்தில்தான் இருக்கிறார்!)