உறையக் கூடாத கூழ்

உறைந்த ஏரியின்மேல் போகும் பனிப்பாதை நடுவே சிக்னியின் வண்டி நின்றது. கடுங்குளிரில் டீசல் இறுகிவிட்டது. பின்னிருக்கையில் மூன்று வாளிக் கூழ். சதுப்பில் வெட்டிய சம்பங்கோரையைக் காரத்தில் வேகவைத்து, வெளுத்து, அமிலத்தில் கண்ணுக்குத் தெரியாத இழைத்துணுக்குகளாக உடைத்தெடுத்தது. உறைந்தால் துணுக்குகள் ஒட்டிக்கொள்ளும், பிறகு பிரியாது.

இருபது வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவள் சிக்னி. அந்த வேலை போனதும் கூட்டுறவுக் கொட்டகைக்குக் கோரை வெட்டப் போனாள். கூழாக்குவதைக் கெடுத்துக் கெடுத்தே கற்றாள். கலங்கலாக வந்த கழுவுநீரை அழுக்கென்று கொட்டியிருக்கிறாள். சரக்கே அதில்தான் இருந்தது.

மீன்பெட்டி அட்டையில் மெழுகைக் குறைத்து இந்தக் கூழைப் பூசிப் பார்க்க அக்கரை அட்டை ஆலை அன்று இயந்திரத்தை ஒதுக்கியிருந்தது. சரிவராவிட்டால் கொட்டகையை மூடிவிடுவது என்று கூட்டுறவில் பேசி முடித்திருந்தார்கள்.

பனியில் துளையிட்டு மீன்பிடிக்கும் நார்பர்ட்டின் குடில் அருகில்தான். பனிவண்டியில் வந்து அவளையும் வாளிகளையும் குடிலுக்குக் கூட்டிப் போனான்.

"பஸ் ஓட்டுறப்பவும் இப்படித்தான் நடுவழியில நிப்பாட்டுவ."

"ஏறினவன் கேக்கலாம். நீ பள்ளிக்கூடம் வந்ததே இல்லையே."

அவன் ஒரு வாளியைத் திறந்து அடுப்பின்மேல் தூக்கி வைத்தான்.

"எடு அதை. காய்ஞ்சாலும் கெட்டுரும்."

"உறையவும் கூடாது, காயவும் கூடாது. என் மாமியார் தேவல."

மூன்றையும் சுவரோரம் வைத்து மூடினாள். வண்டியில் கதவோரம் இருந்த வாளியின் விளிம்பில் ஊசி ஊசியாகப் பனி. அது கரையும்வரை காத்திருந்தாள்.

"உன் கறுப்புக் கண்ணாடியக் குடு."

தண்ணீரின் கூசொளியை வெட்ட மீனவர்கள் போடும் கண்ணாடி. அவனுடையதைச் சன்னலில் சாய்த்து, அதற்கு முன்னே அதே வகையான தன்னுடையதைக் குறுக்காகப் பிடித்தாள். வெளிச்சம் அணைந்தது. முதல் வாளிக் கூழைப் புட்டியில் ஊற்றி இடையில் வைத்துச் சுழற்றினாள். துணுக்குகள் ஒட்டாமல் இருந்ததால் நீலமும் மஞ்சளுமாகப் பட்டைகள் ஓடின. இரண்டாவதிலும் ஓடின. மூன்றாவதில் இருட்டு, அங்கங்கே வெள்ளைப் பொட்டுகள் மட்டும்.

"மூணையும் கலந்துடேன். யாரு பாக்கப் போறா?"

"கலந்தா நல்லதுலயும் கட்டி விழும். இயந்திரத்தோட வாய அடைச்சுரும்."

"சரக்கு குறைஞ்சா ஓட்டவே மாட்டாங்கன்னியே."

அவள் ஆலை மேற்பார்வையாளர் லூசிலுக்குப் போன் போட்டாள்.

"ரெண்டு வாளிதான் தேறும். ஒண்ணு உறைஞ்சிருச்சு."

நார்பர்ட் தூண்டிலை விட்டுவிட்டு அருகே வந்தான்.

"பாதி அகலத்துல ஓட்டிப் பாக்கலாம்," என்றாள் லூசில். "ஒரே தடவை. பிசகினா மறுபடி ஓட்டச் சரக்கு இருக்காது."

"கொண்டு வர்றேன்."

நார்பர்ட் தன் மீன்தொட்டியில் நல்ல வாளிகள் இரண்டையும் இறக்கி, சுற்றிலும் வெந்நீர்ப் புட்டிகளைத் திணித்தான். பனிவண்டி அவளையும் தொட்டியையும் அக்கரை சேர்த்தது.

முதலில் வந்த அட்டை வரிவரியாக இருந்தது. சிக்னி உருளையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பிறகு பூச்சு சீராக விழுந்தது. மடித்த பெட்டிகளில் பனிக்கட்டியை நிரப்பி விடியும்வரை வைத்தார்கள். ஒன்று மட்டும் மூலையில் கசிந்தது.

கூட்டுறவு கொட்டகைக்கு இன்னும் ஒரு வருடம் கொடுத்தது. பனி உருகியதும் கோரை வெட்ட சிக்னிதான் முதலில் சதுப்பில் இறங்கினாள்.