காதால் வாசிக்கிறவள்

கணினியில் பிடித்த மென்பொருள் எது என்று கேட்டால் ஆளாளுக்குப் படம் வெட்டுவதையும் பாட்டு இறக்குவதையும் சொல்வார்கள். எனக்குப் பிடித்தது ஒரு குரல். திரையில் இருப்பதையெல்லாம் வாசித்துச் சொல்லும் இலவச மென்பொருள். வாயில் சூடான கிழங்கைப் போட்டுக்கொண்டு பேசுவதுபோல்தான் அதன் தமிழ் இருக்கும். 'ழ'வைக் கொலை செய்யும். செய்யட்டும். என்னைப் பார்த்து "பாவம்" என்று அது ஒருநாளும் சொன்னதில்லை.

கண்டியில் ஓர் அரச அலுவலகத்தில் தமிழ்ப் பிரிவில் எனக்கு வேலை. சிங்களத்தில் வரும் சுற்றுநிருபங்களை, அதாவது சுற்றறிக்கைகளைத், தமிழாக்கித் தட்டச்சு செய்ய வேண்டும். மடுல்கெல்லத் தேயிலைத் தோட்டத்து லயத்து அறையிலிருந்து படித்து வந்து பிடித்த வேலை, யாரும் தூக்கிக் கொடுத்ததல்ல. அந்த வேலைக்குத்தான் கண் வேட்டு வைத்தது. பார்வை ஓரங்களிலிருந்து சுருங்கிக்கொண்டே வந்து, கடைசியில் எழுத்தே தெரியாமல் போனது. போனது திரும்பாது என்று வைத்தியர் சொல்லிவிட்டார். அழுதேன். அழுது முடிந்ததும் கோபம் வந்தது. அந்தக் கோபம்தான் எனக்கு உதவியது.

என் பழைய மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு, நான் வாடகைக்கு இருக்கும் கெலிஓயாவில் ஒரு கொம்பியூட்டர் கடைக்குப் போனேன். கடைக்காரர் அதைத் திறந்து பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"மிஸ், இது ஆமை. புதுசு ஒண்டு எடுங்களேன்."

"ஆமையாவே இருக்கட்டும். உள்ள இருக்கிற குப்பையெல்லாம் அழிச்சிட்டு, நான் சொல்றத மட்டும் போட்டுத் தாங்க."

ஒன்றும் மிச்சம் வைக்காமல் துடைத்தார். பழைய எழுத்துருக்களும் அதோடு போயின. பிறகு தமிழும் சிங்களமும் வாசிக்கும் குரலை ஏற்றினார். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டியதை யுனிகோட் என்கிற ஒருங்குறிக்கு மாற்றும் செயலியையும் போடச் சொன்னேன். இன்னொன்று, சுருக்கத்தை விரித்துத் தருவது. இரண்டு மூன்று விசைகளைத் தட்டினால் "மேற்படி விடயம் தொடர்பில் தங்களது மேலான கவனத்திற்குக் கொண்டுவர விரும்புகிறேன்" என்று முழு வரியும் வந்து விழும். அரசாங்கக் கடிதத்தில் பாதி அந்த வரிதானே!

பஸ்ஸில் போகும்போதும் குரலைக் காதில் மாட்டிக்கொண்டு பழகினேன். அதன் வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினேன். பக்கத்து ஆசனத்தில் இருப்பவருக்கு வண்டு இரைவதுபோல் கேட்கும், எனக்குச் சொல் சொல்லாக விளங்கும். கண் இருந்த காலத்தில் செய்த வேலையில் ஒரு தாள்கூடக் குறையவில்லை.

எங்கள் பிரிவுக்குப் பொறுப்பான பிரதம இலிகிதர் யாழ்ப்பாணத்துக்காரர். நல்ல மனிதர். அதுதான் சிக்கல், நல்ல மனிதர்களோடு சண்டை போடுவது கஷ்டம்.

"ஏன் பிள்ளை இப்பிடிக் கஷ்டப்படுறீர்? மருத்துவக் காரணம் காட்டினா ஓய்வு எடுக்கலாம்தானே."

"நான் கஷ்டப்படுறேன்னு உங்ககிட்ட சொன்னேனா சார்?"

அவர் விடவில்லை. அலுவலகத்துக்கே தலைவரான பணிப்பாளரின் காதில் போட்டுவிட்டார். பணிப்பாளர் சிங்களவர். தன் முன்னால் வேலை செய்து காட்டச் சொன்னார், முடியாவிட்டால் மருத்துவச் சபைக்கு அனுப்புவாராம். அங்கே அனுப்பினால் வேலை போன மாதிரிதான்.

மடிக்கணினியை அவருடைய மேசையில் வைத்தேன். பிரதம இலிகிதரும் எங்கள் பிரிவில் இன்னும் இருவரும் சுற்றி நின்றார்கள். வேறொரு பிரிவு அனுப்பிய தமிழ்ச் சுற்றுநிருபத்தைப் பென்டிரைவில் கொடுத்தார்கள். அதன் அச்சுப் பிரதி பிரதம இலிகிதரின் கையில் இருந்தது. நான் வாசிக்க வேண்டும், அவர் சரி பார்க்க வேண்டும்.

குரல் வாயைத் திறந்தது. தமிழும் இல்லை, இங்கிலீசும் இல்லை, பேய் பிடித்த உளறல். இரண்டு பேர் சிரித்தார்கள். பிரதம இலிகிதர் சிரிக்கவில்லை. "பாவம்" என்றார்.

விசயம் எனக்கு உடனே பிடிபட்டது. அந்தப் பிரிவு இன்னும் பாமினியில்தான் தட்டுகிறது. பாமினியில் கண்ணுக்குத்தான் தமிழ், உள்ளே இருப்பதெல்லாம் ஆங்கில எழுத்து. என் கணினியில் அந்த எழுத்துரு இல்லை. அதனால் திரையிலும் ஆங்கில எழுத்துக் குப்பைதான் நிறைந்திருந்தது. எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள், ஒருவருக்கும் ஒரு வரி விளங்கவில்லை.

மாற்றும் செயலியைத் திறந்தால் ஒரு நொடி வேலை. அந்தப் "பாவம்" காதில் விழுந்திராவிட்டால் அதைத்தான் செய்திருப்பேன்.

குரலை மெதுவாக்கினேன். அம்புக்குறி விசையைத் தட்டத் தட்ட, எழுத்தெழுத்தாகச் சொன்னது. ஜீ, எச், எல், ஆர், எச், ஐ, வை. வருடக்கணக்காகப் பாமினியில் தட்டிய விரல்கள் இவை. ஜீயைத் தட்டினால் 'ப' வரும், எச்சைத் தட்டினால் அதற்கு அரவு வந்து 'பா' ஆகும்.

"பாடசாலை" என்றேன்.

அறையில் சிரிப்பு நின்றது. ஒரு சொல் பிசகினாலும் வேலை போய்விடும் என்று தெரியும். ஆனாலும் நிறுத்தவில்லை. அடுத்த சொல், அதற்கடுத்தது என்று முதல் பந்தி முழுவதையும் வாசித்து முடித்தேன். பிறகு பணிப்பாளர் பக்கம் திரும்பி, அதையே சிங்களத்தில் சொன்னேன்.

சரியா என்று பணிப்பாளர் கேட்டார். பிரதம இலிகிதர் தாளை மறுபடி வரி வரியாகப் பார்த்தார்.

"சரி சேர்," என்றார் பிரதம இலிகிதர். "ஒரு சொல்லும் பிழையில்லை."

பணிப்பாளர் என்னைப் போய் வேலையைப் பார்க்கச் சொன்னார். மருத்துவச் சபை என்ற பேச்சே அதற்குப் பிறகு எழவில்லை. கணினியை மூடிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வெளியே வந்தபோது பிரதம இலிகிதர் பின்னாலேயே வந்தார்.

"பிள்ளை, இனி உமக்கு வசதியா ஒருங்குறியில அனுப்பச் சொல்லட்டோ?"

"சொல்லுங்க சார். அதுவரைக்கும் இப்படி வந்து உங்க யாருக்கும் விளங்காட்டி என்கிட்ட கொண்டுவாங்க. நான் வாசிச்சுக் காட்டுறேன்."